விடியல் தேவியும் சில எறும்புகளும்

"இந்தப் பொண்ணை இதுக்கு முன்னாடி எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டு, கத்தெல்லோ தன் உள்ளங்கையை டோன்னா எர்ஸிலியாவின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

கையில் ஒரு பிளாஸ்டிக் பதக்கம். பழுப்புத் தரையில் வெள்ளை முகம். பக்கவாட்டில் திரும்பிய ஒரு பெண். நேரான மூக்கு, இறுக்கிக் கட்டிய கொண்டை, கொண்டையில் ஒரு நட்சத்திரம், சிரிப்பு என்றால் என்னவென்றே அறியாத உதடுகள்.

"எங்கே கிடைச்சது?"

"பாம்பேயி இடிபாடு வாசல்ல, ஐஸ்கிரீம் வண்டிக்குப் பக்கத்துல. ஒண்ணு வாங்கினா ஒரு சீப்பு இனாம்."

"சீப்பு எங்கே?"

"தலை வாரிட்டேனே. அதான் ரயில்ல எல்லாரும் என்னையே பார்த்தாங்க."

"நான் பார்க்கலை," என்ற எர்ஸிலியா, பதக்கத்தை எடுத்துக்கொண்டு, அவர்கள் விசாரிக்க வந்திருந்த சங்குப் பட்டறையின் மேசைப் பக்கம் திரும்பினார்.

எர்ஸிலியா பலொம்பாவுக்கு நேப்பிள்ஸில், ஒரு முடிதிருத்தும் கடைக்கு மேலே, துப்பறியும் அலுவலகம் இருந்தது. கணவர் போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்த காலமெல்லாம் அவருக்காக யோசித்துக் கொடுத்தவர். அவர் போன பிறகு தன் பெயரிலேயே யோசிக்கத் தொடங்கினார். கத்தெல்லோ முன்பு டிராம் கண்டக்டர். பயணிகள் இறங்கவேண்டிய இடம் தாண்டியும் பேசிக்கொண்டே இருந்ததற்காக வேலை போனவன்.

மேசை மேல் அதே பெண் இன்னொரு முறை இருந்தாள். இவள் அசல். உள்ளங்கை அகலச் சங்குத் துண்டில், வெள்ளை அடுக்கை மட்டும் மெல்ல மெல்லச் சுரண்டி எடுத்து, அடியிலிருந்த பழுப்பை வானமாக விட்டு, அதன்மேல் எழுப்பிய விடியல் தேவி. இந்தத் தோர்ரே தெல் கிரேகோ ஊர் முழுக்க ஜன்னலுக்கு ஜன்னல் இப்படி யாராவது ஒரு தேவியைச் செதுக்கிக்கொண்டிருப்பார்கள். நேப்பிள்ஸ் துறையில் அமெரிக்கக் கப்பல் நின்றால், இறங்குகிற சீமாட்டிகள் பீட்சாவுக்கு முன்னால் சங்குப் பதக்கம்தான் கேட்கிறார்கள். ஆனால் இந்த தேவி அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவளல்ல. குளிர்காலம் முழுவதும் இவள் ஒருத்திக்காகவே பட்டறையின் செதுக்குக்காரன் செவெரினோ முதுகு வளைத்திருந்தான். உலகத்திலேயே இப்படி ஒன்றுதான் என்ற பேச்சின்மேல் ஜெனோவா வியாபாரி ஒருவர் இவளை வாங்க ஒப்புக்கொண்டிருந்தார். இன்று காலை அதே வியாபாரி, ரயில் நிலையத்தில் காப்பி ஊற்றிய பெண்ணின் கழுத்தில் இதே முகத்தைப் பார்த்துவிட்டார்.

"அஞ்சு மணிக்குத் திரும்ப வருவாராம்," என்றார் இவர்களைக் கூப்பிட்டு அனுப்பிய பட்டறை முதலாளி டோன் கிரெஷென்ஸோ. வட்ட முகம், தடித்த கண்ணாடி, வயிற்றை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் வரும் நடை. "யாரு வித்தான்னு நான் சொல்லணும். சொல்லலைன்னா என் பட்டறையோட பேரு போச்சு. சொன்னா இவன் பேரு போச்சு."

'இவன்' ஜன்னலோரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். செவெரினோவுக்கு முப்பது வயதிருக்கும். கைகளை முழங்கால்களுக்கு நடுவில் கொடுத்து இறுக்கியிருந்தான்.

"பேரு போனா என்ன ஆகும்?" கத்தெல்லோ கேட்டான். "எனக்கு ரெண்டு தடவை போயிருக்கு."

"இந்த ஊர்ல சங்கை நம்பிக்கையிலதான் கையில கொடுப்பாங்க," என்றான் செவெரினோ. "முகத்தைத் திருடி வித்தவன்னு பேரு வந்துட்டா, சாம்பல் தட்டுற கிண்ணம் செய்யக்கூட ஒருத்தன் ஒரு சங்கு தரமாட்டான். எனக்கு வேற வேலை தெரியாது."

எர்ஸிலியா அசலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். சங்கு விளக்குப்போல் உள்ளிருந்து எரிந்தது. தேவியின் கன்னம் சிவந்தது. பிளாஸ்டிக்கைப் பிடித்தார். அது பிளாஸ்டிக்காகவே இருந்தது. பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"கத்தே, ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்?"

"ஒருத்தி பணக்காரி."

"காதைப் பாரு."

பார்த்தான். பிளாஸ்டிக்காரியின் காது முழுசாகத் தெரிந்தது. அசலின் காதில் பாதியை, கொண்டையிலிருந்து தப்பி விழுந்த ஒரு முடிச் சுருள் மூடியிருந்தது.

"இந்தச் சுருளை எப்பச் செதுக்கினே, செவெரீ?"

"கடைசியில. காதைக் கனமா விட்டிருந்தேன், அதுல பாதியைக் குடைஞ்சு சுருளாக்கினேன். புனித யோசேப்பு திருநாள் கழிச்சு, மார்ச் கடைசியில."

"அப்போ அச்சு எடுத்தது அதுக்கு முன்னாடி. அந்தச் சமயத்துல இவ இந்தப் பட்டறையை விட்டு வெளியே போனாளா?"

"இல்லை," என்றார்கள் இருவரும் ஒரே மூச்சில்.

"ஒரு நாள் கூட?"

"கட்டையில ஒட்டின சாமான் முடியற வரைக்கும் வெளியே போகாதுங்க," என்றார் டோன் கிரெஷென்ஸோ, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல். "வேலை முடிஞ்சா அலமாரி. சாவி என்கிட்ட ஒண்ணு, அவன்கிட்ட ஒண்ணு. நான் விக்கலை. மிச்சம் யாருன்னு நீங்களே கூட்டிக்கோங்க."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. டோன்னா ரக்கேலே, முதலாளியின் மனைவி, ஒரு கோப்பைக் காப்பியோடு இறங்கி வந்தார். ஒல்லியான பெண்மணி, கண்கள் மட்டும் இரண்டு ஆளுக்குப் போதும்.

"சர்க்கரை போடலை," என்று கோப்பையை வைத்தார். எர்ஸிலியாவிடம் திரும்பி, "டாக்டர் வேண்டாம்னுட்டார். புத்தாண்டிலேர்ந்து ஒரு பருக்கை இனிப்பு இவர் நாக்குல படலை. நான் காவல் இருக்கேன்ல," என்றார். அந்தப் பெருமையோடு மேலே போனார். டோன் கிரெஷென்ஸோ காப்பியைக் கஷாயம்போல் குடித்தார்.

எர்ஸிலியா அலமாரியைத் திறந்தார். உளிகள், துணிகள், எண்ணெய்க் குப்பி. ஒரு மூலையில் பிடிக்கட்டைகள் நின்றன. சங்குத் துண்டைச் சூடான அரக்கு வைத்து இந்தக் கட்டையின் தலையில் ஒட்டிக்கொண்டுதான் செதுக்குவார்கள். முடிந்ததும் ஒரு தட்டுத் தட்டிப் பெயர்ப்பார்கள்.

"விடியல் தேவி எதுல இருந்தா?"

"எறும்பு இருக்கே, அதுல," என்றான் கத்தெல்லோ.

உண்மைதான். ஜன்னல் இடுக்கிலிருந்து ஒரு கறுப்புக் கோடு சுவரோடு இறங்கி, மற்றக் கட்டைகளைச் சட்டையே செய்யாமல், ஒரே ஒரு கட்டையின் அரக்குத் தலைக்கு ஏறிக்கொண்டிருந்தது. செவெரினோ தலையாட்டினான், அதேதான். வெயில் ஏறியதிலிருந்து வருகின்றன, ஊதினாலும் போகவில்லை என்றான்.

"அரக்குல எறும்புக்கு என்ன வேலை?" என்றார் எர்ஸிலியா.

"கேட்டுட்டாப் போச்சு," என்ற கத்தெல்லோ, எறும்புகளைத் தட்டிவிட்டு, அரக்கின் ஓரத்தை நாக்கால் தொட்டான். கண்ணை மூடி யோசித்தான். "முதல்ல அரக்கு. அப்புறம் கொஞ்சம் ரயில் எஞ்சின் கரி. அதுக்கு அடியில..." இன்னொரு தடவை தொட்டான். "பொடிச் சர்க்கரை, டோன்னா. பாதாமும் இருக்கு."

"நிச்சயமா?"

"பசியோட இருக்கறவன் நாக்கு பொய் சொல்லாது. காலையிலேர்ந்து எனக்குக் கிடைச்சது இனாமா வந்த ஒரு சீப்பு மட்டும்தான்."

"இந்த ஊர்ல பாதாம் இனிப்பு நல்லா செய்யறது யாரு?"

"எவரிஸ்தோ," என்றான் செவெரினோ. "துறைமுகத் தெருவுல. ஆனா அவருக்கும் எனக்கும் பழக்கமே கிடையாது. இனிப்பு தின்னா எனக்குப் பல் கூசும்."

டோன் கிரெஷென்ஸோ கண்ணாடியைக் கழற்றி, ஏற்கெனவே துடைத்திருந்ததை மறுபடி துடைக்கத் தொடங்கினார்.

எவரிஸ்தோவின் கடையில் நுழைந்ததுமே கத்தெல்லோவுக்கு இந்த வழக்கின் மேல் ஒரு தனிப் பாசம் வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் எலுமிச்சை ரொட்டிகள், ரம்மில் குளித்த காளான் வடிவக் கேக்குகள், ஒரு தட்டு நிறைய வெள்ளை வெளேரென்று வட்டப் பாதாம் இனிப்புகள். மேசை, தரை, எவரிஸ்தோவின் புருவம் எல்லாவற்றின்மேலும் பொடிச் சர்க்கரை படிந்திருந்தது.

"மாதிரிக்கு ஒண்ணு எடுத்துக்கலாமா, அண்ணே?"

"தாராளமா."

எர்ஸிலியா வாசலில் குடையை மடித்துவிட்டு நிமிர்வதற்குள் அவன் ஒன்றை முழுசாக வாயில் போட்டுவிட்டான்.

"கத்தே."

"ம்ம்?"

"அதுல ஒரு முகம் இருந்ததா?"

மென்றுகொண்டிருந்த தாடை நின்றது. "மூக்கு மாதிரி ஏதோ நாக்குல தட்டுப்பட்டது," என்றான் மெதுவாக.

"நீ தின்னது நம்ம சாட்சி."

"நல்ல சாட்சி, டோன்னா. வாய்ல வெச்சதும் கரைஞ்சு உண்மையைச் சொல்லிடுச்சு."

நல்லவேளையாகத் தட்டில் சாட்சிகளுக்குப் பஞ்சமில்லை. எர்ஸிலியா ஒன்றை எடுத்துத் திருப்பினார். நேரான மூக்கு. கொண்டையில் நட்சத்திரம். காது முழுசாகத் தெரிந்தது, சுருள் இல்லை.

எவரிஸ்தோவுக்கு மறைக்கத் தெரியவில்லை; மறைக்கவேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. ஈஸ்டர் ஆட்டுக்குட்டி செய்யும் பிளாஸ்டர் அச்சுகளுக்கு நடுவிலிருந்து ஒன்றைத் தூக்கி வந்து காட்டினார். "புனித யோசேப்பு திருநாளுக்கு முந்தி, ஒரு சாமான் இங்கே மேசை மேல கிடந்தது. இவ்வளவு அழகான முகம். எண்ணெய் தடவி, ஈரப் பிளாஸ்டர்ல ஒரு அமுக்கு. வெச்ச இடத்துலயே திரும்ப வெச்சுட்டேன். யாருக்கு என்ன நஷ்டம்? நல்லா விக்குது. என் மச்சான்கூட வந்து அச்சை ரெண்டு நாள் வாங்கிட்டுப் போனான்."

"மச்சான் என்ன தொழில்?"

"நேப்பிள்ஸ்ல பிளாஸ்டிக் பொத்தான் செய்யறான்."

எர்ஸிலியா கண்ணை மூடித் திறந்தார். "அந்தச் சாமானை இங்கே கொண்டுவந்தது யாரு? செவெரினோவா?"

"அந்தப் பையன் என் கடை வாசல் மிதிச்சதே இல்லை."

"அப்போ யாரு?"

எவரிஸ்தோ கேக்கில் உட்கார்ந்த ஒரு ஈயை விரட்டினார். "வாடிக்கைக்காரர் பேரை நான் சொல்றதில்லை. பாதிரியாருக்கு ஒரு தர்மம்னா எனக்கும் ஒண்ணு உண்டு."

"பாதிரியார் உன் அளவுக்கு வெண்ணெய் சேர்க்கறதில்லை," என்ற கத்தெல்லோ, யாரும் கேட்காமலே இன்னொரு சாட்சியை விசாரிக்கத் தொடங்கினான். விசாரித்துக்கொண்டே கடையின் பின்பக்கத் திரையை விலக்கினான். கடலைப் பார்த்த ஒரு பெரிய ஜன்னல். அதன் கீழே சின்ன மேசை, திண்டு போட்ட ஒற்றை நாற்காலி. திண்டில் ஒரு கனமான மனிதரின் பள்ளம்.

"இது யாருக்கு?"

"வெளிச்சம் பார்க்கறவங்களுக்கு."

"என்ன வெளிச்சம்?"

ரொட்டி என்றால் என்ன என்று கேட்டவர்களைப் பார்ப்பதுபோல் எவரிஸ்தோ அவர்களைப் பார்த்தார். "நேப்பிள்ஸ்காரங்களா நீங்க? சாயங்காலம் கடல் பக்கத்து வெளிச்சத்துல சாமானைப் பிடிச்சுப் பார்ப்பாங்கள்ல. எங்கே கனம் இருக்கு, எங்கே இன்னும் எடுக்கணும்னு. கட்டையோட கொண்டுவந்து பார்த்துட்டுக் கொண்டுபோயிடுவாங்க. ஊர்ல எல்லாப் பட்டறையிலயும் உண்டு."

"யாரு பார்ப்பாங்க? செதுக்கறவனா?"

"அவனுக்கு ஏது நேரம். முதலாளிதான் பார்..." என்ற எவரிஸ்தோ, தன் தர்மம் வாயிலிருந்து வழுக்கி விழுவதைத் தாமதமாகக் கவனித்தார்.

கத்தெல்லோ திண்டின் பள்ளத்தைப் பார்த்தான். பிறகு, வயிற்றை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் வரும் ஒரு நடை அவனுக்கு நினைவு வந்தது. "அட கடவுளே," என்றான். "நம்மைக் கூப்பிட்டவரேதானா?"

"ஒரு தட்டு கட்டுங்க, எவரிஸ்தோ," என்றார் எர்ஸிலியா. "இவன் கையில கொடுக்காதீங்க."

பட்டறைக்குத் திரும்பியபோது ஐந்து மணியாகச் சற்று நேரமே இருந்தது. செவெரினோ அதே முக்காலியில் இருந்தான். தன் உளிகளை ஒரு துணியில் சுருட்டி மடியில் வைத்திருந்தான். வீட்டுக்கு எடுத்துப் போவதற்காக.

எர்ஸிலியா தட்டை மேசையில் வைத்தார். மூடிய காகிதத்தைப் பிரிக்கவில்லை.

"டோன் கிரெஷென்ஸோ, இன்னொரு தடவை கேக்கறேன். செதுக்கி முடியறதுக்கு முன்னாடி விடியல் தேவி வெளியே போனாளா?"

"இல்லைன்னு சொன்னேனே."

"வெளிச்சம் பார்க்க?"

"அது வெளியே போறது இல்லைங்க," என்றார் பொறுமையாக. "அது வெளிச்சம் பார்க்கறது."

செவெரினோவும் பழக்கதோஷத்தில் ஆமாம் என்று தலையாட்டினான். பாதி ஆட்டத்தில் தலை நின்றது. மெல்ல முதலாளி பக்கம் திரும்பியது. பொய் எதுவும் அங்கே சொல்லப்படவில்லை என்பது கத்தெல்லோவுக்குப் புரிந்தது. மூச்சு விட்டாயா என்று கேட்டால் எவனும் யோசித்துப் பதில் சொல்வதில்லை. இந்த ஊருக்கு வெளிச்சம் பார்ப்பது அப்படி.

எர்ஸிலியா காகிதத்தைப் பிரித்தார். தட்டிலிருந்து ஒரே மாதிரியான தேவிகள் கூரையைப் பார்த்தார்கள்.

டோன் கிரெஷென்ஸோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அவருடைய காது மடல்கள் சிவந்தன. "இதெல்லாம்... இவளா?"

"தினமும் தின்னிருக்கீங்களே, பார்க்கலையா?" என்றான் கத்தெல்லோ. "சங்குல நூலளவு கோணினா கண்டுபிடிக்கற ஆளாச்சே."

"கண்ணாடியைக் கழட்டிட்டுத்தான் தின்பேன்," என்று கிசுகிசுத்தார் டோன் கிரெஷென்ஸோ. "பார்த்துச் சாப்பிட்டா சாப்பிட்ட மாதிரி மனசுல நிக்கும். பார்க்காம சாப்பிட்டா வீட்டுல கேக்கறப்போ இல்லைன்னு சொல்ல நாக்கு வரும்." மாடிப்படியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "டோன்னா எர்ஸிலியா, உங்க காலைப் பிடிச்சுக்கறேன். வியாபாரிகிட்ட ஏதோ திருடன் வந்தான்னு சொல்லிடலாம். ஒல்லியான திருடன். ரக்கேலேவுக்கு மட்டும் தெரியவேண்டாம்."

"திருடன் வந்தா பூட்டு உடைஞ்சிருக்கணும். பூட்டு உடையலை. அப்போ சாவி வெச்சிருக்கறவன்தான். திரும்பவும் இவன் தலையிலதான் விழும்," என்றார் எர்ஸிலியா. "பையனோட பேரா, உங்க சாயங்காலப் பலகாரமா? நீங்களே சொல்லுங்க."

வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. அதே நேரத்தில் மாடிப்படியில் செருப்புச் சத்தமும் கேட்டது. கத்தெல்லோ அவசரமாகத் தட்டை மூடினான். மூடும்போது ஒன்று குறைந்தது.

ஜெனோவா வியாபாரி தொப்பியைக் கழற்றாமலே உள்ளே வந்தார். டோன்னா ரக்கேலே, விருந்தாளி முன்னால் கணவர் கோட்டு இல்லாமல் வெறும் சட்டையோடு நிற்பதைப் பார்த்து, ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்து உதறினார். உதறியவர் ஒரு கையை இன்னொரு கையால் தட்டிக்கொண்டார். மறுபடி தட்டினார்.

"எறும்பு," என்றார். "கிரெஷே, உன் கோட்டுல எதுக்கு எறும்பு?"

அவருடைய விரல்கள் பைக்குள் போயின. வெளியே வந்தபோது அவற்றின் நடுவே பாதி தேவி இருந்தாள். மூக்கும் நட்சத்திரமும் பத்திரம். கழுத்துக்குக் கீழே கடித்த தடம்.

டோன் கிரெஷென்ஸோ மனைவியைப் பார்த்தார். துணியில் சுருட்டிய உளிகளோடு உட்கார்ந்திருந்த செவெரினோவைப் பார்த்தார். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, வியாபாரியின் முன்னால் போய் நின்றார்.

"பையன் மேல ஒரு தப்பும் இல்லை. முகத்தை வெளியே கொண்டுபோனது நான். இனிப்புக் கடையில மேசை மேல வெச்சுட்டுத் தின்னுக்கிட்டிருந்தேன். அங்கே அச்சு எடுத்திருக்காங்க, எனக்குத் தெரியலை. இதை நீங்க துறைமுகத்துல, ஜெனோவாவுல, எங்கே வேணா சொல்லிக்கோங்க. இவன் பேரை மட்டும் சுத்தமாச் சொல்லுங்க."

"புத்தாண்டிலேர்ந்தா?" என்றார் டோன்னா ரக்கேலே, மிகவும் மெல்லிய குரலில்.

"புத்தாண்டுக்கு மறுநாள்லேர்ந்து."

வியாபாரி தொப்பியைக் கழற்றினார். "சரி, யாரும் திருடன் இல்லை. சந்தோஷம். ஆனா நான் வாங்க வந்தது ஒரே ஒரு முகத்தை. இப்ப அது ரயில் நிலையத்துல காப்பி ஊத்துது."

அப்போதுதான் செவெரினோ எழுந்தான். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கட்டையின் அரக்கைச் சுடரில் காட்டி இளக்கி, எறும்புகளை ஊதி, அசலை மறுபடி அதன் தலையில் பொருத்தினான். ஜன்னலுக்கு நேரே பிடித்து வெளிச்சம் பார்த்தான்.

"வாயோரத்துல இன்னும் கொஞ்சம் வெள்ளை இருக்கு," என்றான்.

சங்கில் எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. கொஞ்சம் ஆழமாகப் போனால் பழுப்பு வந்துவிடும், குளிர்காலம் முழுவதும் போய்விடும். கத்தெல்லோ தன் வாயிலிருந்ததை மென்று விழுங்க மறந்தான். உளி முனை உதட்டின் ஓரத்தில் உட்கார்ந்து, மூச்சளவு நகர்ந்தது. வெள்ளைத் தூள் பறந்தது. மறுபடி. பிறகு கன்னத்தில், மழைத்துளி விழுந்த மணல்போல் ஒரு சின்னப் பள்ளம். செவெரினோ எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்து, கட்டையோடு வியாபாரியிடம் நீட்டினான்.

வியாபாரி ஒரு கையில் பிளாஸ்டிக்கும் மறு கையில் சங்குமாக வெகுநேரம் நின்றார். முதலாவது அப்படியே விறைப்பாக இருந்தது. இரண்டாவதைப் பார்க்கப் பார்க்க அவருடைய வாயும் கோணிக்கொண்டு வந்தது.

"இது வேற ஆளு," என்றார். "எடுத்துக்கறேன். செதுக்கினவன் பேரோட."

டோன்னா ரக்கேலே கையை நீட்டி விடியல் தேவியை வாங்கினார். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். கடல் வெளிச்சத்தில் தேவியின் கன்னம் சிவந்து, உதட்டோரம் துடித்ததுபோல் இருந்தது.

"முன்னாடி உம்முனு இருந்தாளே," என்றார் சந்தேகத்தோடு. "இப்ப எதுக்குச் சிரிக்கறா?"

செவெரினோ உளியைத் துடைத்து மேசையில், அதன் இடத்தில் வைத்தான்.

"ஏதோ இனிப்பு கிடைச்சிருக்கும், டோன்னா ரக்கேலே," என்றான். "வீட்டுக்குத் தெரியாம."